நகருக்கு நலம், அவனியாபுரத்துக்கு நுரை

தை பிறக்கும் நாளில் மதுரைப் பக்கத்தில் இரண்டு காட்சிகள் தவறாது. அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கும். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பட்டிமன்றம் ஓடும். பட்டிமன்றத்தை வளர்த்தெடுத்த ஊர் இது. அந்த மேடைக்கும் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கும் அலுக்காத தலைப்பு ஒன்று உண்டு: அறிவியல் வளர்ச்சியால் மனிதகுலத்துக்கு ஆக்கமா, அழிவா? தடுப்பூசி, தொலைபேசி, ராக்கெட் என்று ஓர் அணி அடுக்கும். ஹிரோஷிமா, போபால், செல்போன் அடிமைத்தனம் என்று எதிரணி அடுக்கும். கடைசியில் நடுவர், கத்தியால் காயும் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம், எல்லாம் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது என்று முடித்து வைப்பார். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு தப்பு. நம் காலத்துத் தொழில்நுட்பங்களில் பெரும்பாலானவை கத்தி மாதிரி ஒருவர் கையில் இருப்பவை அல்ல. மதுரைச் சிம்மக்கல்லில் ஒரு வீட்டில் கழிப்பறைத் தொட்டியின் விசையை அமுக்குகிறவருக்கு யார் மேலும் பகை இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்து எதுவும் மாறப்போவதும் இல்லை. அமுக்கிய கணத்தில் அவருக்கு நன்மை நடந்து முடிந்துவிட்டது. மிச்சம் குழாய் வழியே வேறோர் ஊருக்குப் போகிறது. அந்த ஊர்களில் ஒன்று அவனியாபுரம்.

மதுரைக்குப் பாதாளச் சாக்கடை வந்தது 1920களில். நகரத்துக் கழிவுநீரைக் குழாய்களில் திரட்டி, நீரேற்றி, தெற்கே அவனியாபுரத்துக் காட்டில் விட்டார்கள். அங்கே கழிவுநீர்ப் பண்ணை என்று ஒன்றை அமைத்து தண்ணீர்ப்புல் வளர்த்தார்கள். சாக்கடையை நிலம் குடித்தது, புல்லை மாடு தின்றது. ஊர் சிறிதாக இருந்தவரை அந்த ஏற்பாடு ஓரளவு தாங்கியது. ஊர் பெருத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணத்தில், மதுரைக்கு இரண்டு சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். ஒன்று கிழக்கே சக்கிமங்கலத்தில். மற்றது, இரண்டில் பெரியது, நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கழிவுநீரைக் கையாளும் கொள்ளளவோடு அவனியாபுரத்தில். போதாதென்று மாநகராட்சியின் குப்பைக் கிடங்கும் அதே பக்கத்தில்தான், வெள்ளக்கல்லில். சில ஆண்டுகளாக மழைக்காலம் வந்தால், நகரத்துக் கழிவுநீர் போய்ச் சேரும் அயன்பாப்பாக்குடி கண்மாயை ஒட்டிய வாய்க்காலில் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழுகிறது. காற்றடித்தால் பிய்ந்து பறந்து சாலையில் விழுகிறது. விமான நிலையம் பக்கத்தில் என்பதால் வெளியூர்க்காரர்களும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.

இந்த நுரையைக் காட்டி 'பார்த்தீர்களா, அறிவியல் செய்த கேடு' என்று சொல்வது சுலபம். அதற்கு முன் அறிவியலுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிழாக் கூட்டமும் காலராவும் சேர்ந்தே வந்தன. சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரிகளின் ஓயாத கவலை அது. குடிக்கும் தண்ணீரும் கழிவும் கலக்கிற இடத்தில்தான் அந்த நோய் பிறக்கிறது என்பதை ஊகித்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ. கிருமியை அடையாளம் காட்டியவர் ராபர்ட் கோக். 1884இல் கல்கத்தாவில், மக்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே அதைக் கண்டார். குழாய் என்ன செய்யும் என்பதற்கு, யாரும் திட்டமிட்டு நடத்தாத ஒரு சோதனை லண்டனிலேயே நடந்து முடிந்திருந்தது. ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் அந்நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை கட்டிக்கொண்டிருந்தார். 1866இல் காலரா வந்தபோது நகரின் பெரும்பகுதி தப்பியது. செத்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு லண்டன்காரர்கள், ஐயாயிரத்துக்கும் மேல். அந்தப் பகுதிக்குச் சாக்கடை இன்னும் இணைக்கப்படவில்லை, குடிநீர் கம்பெனியும் வடிகட்டாத தண்ணீரை விட்டிருந்தது. அதற்குப் பிறகு லண்டனில் பெருங்காலரா வரவில்லை.

நம் ஊரில் அந்தக் குழாய் இன்னொன்றும் செய்தது. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் ஒவ்வொரு தெருவின் மலத்தையும் வாளியில் வழித்து, கூடையில் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு போனவர்கள் யார், எந்தச் சாதிக்காரர்கள் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் ஊற்றினால் தானே போய்விடுகிற பீங்கான் தொட்டியும் அதன் பின்னால் ஒரு குழாயும் வந்த தெருவில் அந்தக் கூடை இறங்கியது. எத்தனையோ உபதேசங்களால் ஆகாதது அது. அறிவியல் வேண்டாம், பழையபடி இருப்போம் என்று பேசுகிறவர்கள் அந்தப் பழையபடியில் கூடையை யார் தலையில் வைப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஆக்கம்தான், அணி வென்றது என்று முடித்துவிடலாமா? குழாயின் மறுமுனைக்குப் போய்ப் பார்க்காதவரை முடிக்கலாம். பேசல்ஜெட்டின் சாக்கடை லண்டனின் கழிவை இல்லாமல் ஆக்கவில்லை; கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்ற இடங்களுக்குக் கொண்டுபோய் அப்படியே தேம்ஸில் விட்டது. 1878 செப்டம்பரில், கழிவைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்தில், அந்த இடத்துக்குப் பக்கத்தில் 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசக் கப்பல் மோதி மூழ்கியது. அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் அந்தத் தண்ணீரில் பிழைக்கவில்லை என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. மறுமுனையில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த புகாருக்கு அதன் பிறகுதான் காது கிடைத்தது. விசாரணைக் கமிஷன் வந்தது, கசடைத் தனியே பிரிக்க ஏற்பாடு வந்தது. பிரித்த கசடை 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். அந்த வழக்கம் 1998 வரை நீடித்தது. கவனித்தால், ஒவ்வொரு படியிலும் அழுக்கு ஒழியவில்லை, இடம் மாறியது. எங்கே எதிர்ப்புக் குரல் மெலிந்திருந்ததோ அங்கே மாறியது. கடைசியில் மீனிடம் போய் நின்றது. மீனுக்கு வாக்குரிமை இல்லை.

அவனியாபுரத்துக்கும் ஏறக்குறைய அந்த நிலைதான் இருந்தது. கழிவு வந்து விழுந்த 1920களிலிருந்து 2011 வரை அவனியாபுரம் மதுரை நகராட்சிக்குள்ளும் இல்லை, 1971இல் உருவான மாநகராட்சிக்குள்ளும் இல்லை. அது தனி உள்ளாட்சி. மதுரையின் சாக்கடை எங்கே போக வேண்டும், எவ்வளவு சுத்தமாகப் போக வேண்டும் என்று முடிவெடுத்த மன்றத்தில் அவனியாபுரத்துக்கு ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. 2011இல் மாநகராட்சி எல்லை விரிந்து வார்டுகள் நூறானபோதுதான் ஊர் உள்ளே வந்தது. உள்ளே வந்தும் ஒரு வேடிக்கை தொடர்ந்தது. நகரத்தின் சாக்கடையைப் பல தலைமுறையாக வாங்கிக்கொண்ட பக்கத்தில், புதிதாகச் சேர்ந்த வார்டுகளின் தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இழுக்கும் வேலை பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது.

அறிவியலின் நன்மையும் தீமையும் ஒரே தராசின் இரு தட்டுகள் அல்ல. நன்மை ஓரிடத்தில் விழுகிறது, தீமை வேறோர் இடத்தில். இரண்டையும் கூட்டிக் கழித்து மனிதகுலத்துக்கு நிகர லாபமா நட்டமா என்று கேட்டால், லாபம் பெற்றவரின் கணக்கில் நட்டப்பட்டவர் காணாமல் போய்விடுகிறார். கழிவுநீரில் அந்தத் தீமையைச் சரிசெய்யவும் பெரும்பாலும் அறிவியலிலேயே வழி இருக்கிறது. முதல் பாதியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இரண்டாம் பாதியை வாங்காமல் விட்டுவிடுகிறோம்.

இரண்டாம் பாதி இருக்கிறது என்பதற்கு அந்த நுரையே சாட்சி. சலவைத் தூளில் அழுக்கெடுக்கும் பொருள் தண்ணீரின் மேற்பரப்பில் படலமாகச் சேரும் இயல்புடையது. கண்மாய் நிரம்பி, தண்ணீர் கலுங்கு தாண்டியோ மடை வழியோ உயரத்திலிருந்து விழும்போது காற்று உள்ளே அடிபட்டு, அந்தப் படலத்துக்குள் சிக்கி, நுரையாகிறது. மழைக்காலத்தில் அது எழுவதும் கோடையில் அடங்குவதும் அதனால்தான். கோடையில் நுரை இல்லை என்பதற்குத் தண்ணீர் சுத்தம் என்று பொருளில்லை, விழுவதற்குத் தண்ணீர் இல்லை என்று பொருள். இதே நுரை 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் மலை மலையாக மிதந்தது. அப்போதைய சலவைப் பொருளின் மூலக்கூறு கிளை கிளையாகப் பிரிந்தது; பாக்டீரியாவால் அதைக் கடித்துத் தின்ன முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டு 1964 முதல் அமலாக்கியது. அமெரிக்கக் கம்பெனிகள் 1965 வாக்கில் மாறின. கிளையில்லாத நேர்சங்கிலி மூலக்கூறை வேதியியலாளர்கள் உருவாக்கிக் கொடுத்தார்கள். அது பாக்டீரியாவுக்கு இரையாகக்கூடியது. அதற்கான மூலப்பொருள் நம் சென்னை மணலியிலேயே பல்லாண்டுகளாகத் தயாராகிறது. அதாவது, அறிவியல் தான் செய்த நுரையைத் தானே அடக்கி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே ஒரு நிபந்தனை: பாக்டீரியாவுக்குத் தின்ன நேரமும் மூச்சுவிடக் காற்றும் வேண்டும்.

அந்த நேரத்தையும் காற்றையும் கொடுப்பதுதான் சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. 1914 ஏப்ரலில் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் தங்கள் சோதனையை அவையில் வைத்தார்கள். சாக்கடை நீருக்குள் காற்றை ஊதி, அடியில் தங்கும் கசடைக் கொட்டிவிடாமல் அடுத்த தொகுதி நீரோடு மறுபடி சேர்த்தால், கசடிலிருக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, வாரக்கணக்கில் நடந்த சுத்தத்தைச் சில மணி நேரத்தில் முடிக்கின்றன. இன்று உலகெங்கும் பெரிய நகரங்களின் நிலையங்களில் பெரும்பாலானவை அந்த முறையோ அதன் வாரிசுகளோதான். நன்றாக ஓடுகிற தொட்டி ஒன்றைப் பார்த்தால் தெரியும்: பழுப்புத் தண்ணீர் அடியிலிருந்து இடைவிடாமல் குமிழிட்டுக்கொண்டே இருக்கும், நாற்றம் எதிர்பார்த்த அளவு இருக்காது, மண்வாடைதான் அடிக்கும். காற்றை நிறுத்தினால் நுண்ணுயிர் மூச்சுமுட்டிச் சாகத் தொடங்கும்; சில மணி நேரத்தில் தண்ணீர் கறுத்து நாறும். நிலையத்தின் மின்சாரத்தில் பாதியளவு அந்தக் காற்றூதிகளுக்கே போய்விடும். செலவைக் குறைக்க நினைக்கும் எந்த நிர்வாகத்துக்கும் முதலில் கண்ணில் படும் விசை அதுதான். கூடவே, வடிவமைத்த அளவுக்கு மேல் சாக்கடை வந்தாலும், மழைநீர் பாதாளச் சாக்கடைக்குள் புகுந்தாலும், நுண்ணுயிர் தின்று முடிக்கும் முன்பே தண்ணீர் வெளியேறிவிடும். குழாயில் சேராத தெருக்களின் கழிவோ நிலையத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. வாய்க்காலில் இறங்கி நேரே கண்மாய்க்குப் போகிறது.

அளவுகோலிலும் ஒரு கோளாறு உண்டு. யாரும் அதிகம் பேசாதது. சுத்திகரித்த நீர் போதிய அளவு சுத்தமா என்று பார்க்க பி.ஓ.டி. என்ற கணக்கு உண்டு. தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிருக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை அது சொல்லும். பிரிட்டனின் ராயல் கமிஷன் ஒன்று 1912இல் லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று ஒரு வரம்பு வைத்தது. அந்த வரம்பு சும்மா வந்ததில்லை. அதைப்போல எட்டு மடங்கு நல்ல ஆற்றுநீர் அதனோடு கலக்கும் என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது. இந்தியாவில் 2017 அறிவிக்கையில் பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு 30 வரை அனுமதித்தார்கள். அயன்பாப்பாக்குடியில் எட்டு மடங்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்? வைகையிலேயே ஆண்டில் பல மாதம் மணல்தான். கண்மாய் ஆறு இல்லை. வந்த தண்ணீரைத் தேக்கி வைப்பதற்கென்றே கட்டியது. கோடையில் வந்து சேர்வது நகரத்தின் தண்ணீர் மட்டும்தான், கலப்பதற்கு வேறெதுவும் கிடையாது. ஆகவே நிலையம் வரம்புக்குள் ஓடும் நாளிலும் கண்மாய் கெடலாம். ஓடும் ஆறுகளின் தேசத்துக்காக வகுத்த எண்ணை, தேங்கும் கண்மாய்களின் தேசத்துக்கு அப்படியே எடுத்து வைத்துக்கொண்டோம். இதை அறிவியலின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அறிவியலை முழுதாகப் படிக்காமல் விடையை மட்டும் காப்பியடித்த குற்றம்.

இங்கே ஒரு மறுப்பு வரும். நீங்கள் சொல்வதெல்லாம் நிர்வாகக் கோளாறு, ஊழல், அலட்சியம். இதை ஏன் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டுகிறீர்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் தொழில்நுட்பம் என்பதை இயந்திரத்தோடு நிறுத்திக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே பிறக்கிறது. மின்கட்டணம், இரவுப்பணி ஆள், ஆய்வகம், உதிரிபாகம், விலை, விநியோகம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு தொழில்நுட்பம். இதை வெளியூரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, மதுரையே காட்டியிருக்கிறது. கண்புரைக்குச் செயற்கை லென்ஸ் பொருத்துவதை 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கினார். அடுத்த நாற்பது ஆண்டுகளும் அது வசதியானவர்களின் கண்ணுக்கே எட்டியது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, நூறு டாலரையொட்டி விற்ற அந்த லென்ஸை வாங்கிக்கொண்டே இருந்தால் ஏழைக்குப் பார்வை கொடுக்க முடியாது என்று கண்டு, 1992இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே தயாரித்தது. விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. லென்ஸ் புதிய கண்டுபிடிப்பு இல்லை. அது யாரிடம் போய்ச் சேரும், யார் காசு கொடுப்பார், யார் கொடுக்க மாட்டார் என்பதையும் பொறியியலின் பகுதியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டதுதான் புதுமை. அதே ஊரில், கண்ணுக்குச் செய்த கணக்கைக் கண்மாய்க்குச் செய்யவில்லை. முடியாது என்பதால் அல்ல.

குழாயின் நடுவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கூடை தலையிலிருந்து இறங்கியது என்றோம். அந்த வேலை முழுதாக ஒழியவில்லை, தரைக்கு அடியில் போனது. 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகரில், கழிவுநீரேற்று நிலையத்துக் கிணற்றில் மோட்டார் வேலைக்குப் போன மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கிச் செத்தார்கள். இத்தகைய கிணறுகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் படியும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் முகரும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று தோன்றும் கணம்தான் சாவின் கணம். முதலில் இறங்கியவர் சரிந்ததும் தூக்கிவிட அடுத்தவர் இறங்குவார். ஆகவேதான் இந்தச் சாவுகள் ஒற்றையாக வருவதில்லை. அந்த வாயுவைக் கண்டு கூவும் கருவி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அடைப்பு எடுக்கும் இயந்திரங்கள் உண்டு. மேன்ஹோலுக்குள் இறங்கும் ரோபோவைக் கேரள இளைஞர்களே செய்திருக்கிறார்கள். 1993லும் 2013லும் சட்டம் வந்தது. உச்ச நீதிமன்றம் 2014இல் பத்து லட்சம், 2023இல் முப்பது லட்சம் என்று இழப்பீட்டை உயர்த்தியது. ஆனாலும் அரசின் கணக்குப்படியே சாக்கடைச் சாவுகளில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் தமிழ்நாடு. நிலவில் கலம் இறக்கிய நாடு, மேன்ஹோலில் இன்னும் மனிதனை இறக்குகிறது என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். முதலாவதற்கு அரசு கருவி வாங்கியது, இரண்டாவதற்கு ஒப்பந்தக்காரர் ஆள் வாங்கினார் என்பதுதான் விஷயம். ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை கருவிக்குச் சந்தை இல்லை.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். இந்தப் பாதையே தப்பு, கழிவைத் தண்ணீரில் கலந்ததே பிழை, மண்ணுக்குத் திருப்பியிருக்க வேண்டும் என்பார்கள். இதை லேசாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் இதைச் சொன்னவர் ஜே.சி. குமரப்பா. மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த பொருளாதார அறிஞர். இயற்கையின் சுழற்சியில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காத பொருளாதாரம் நிலைக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். சாக்கடையில் போகும் நைட்ரஜனும் பாஸ்பரசும் வயலுக்குத் தேவையான சத்துகள்தான். அதை ஒரு பக்கம் கண்மாயில் கொட்டி ஆகாயத்தாமரை வளர்த்துவிட்டு, மறுபக்கம் யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிறோம். அவர் சொன்னது சரி. ஆனால் பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் நகரத்தில் அந்தத் திருப்பிக் கொடுத்தலைச் செய்ய மேலும் நுட்பமான அறிவியல்தான் வேண்டும். கசடை நொதிக்க வைத்து எரிவாயு எடுக்க வேண்டும், கிருமி நீக்கி உரமாக்க வேண்டும், தொழிற்சாலைக் கழிவின் உலோகம் அதில் கலக்காமல் காக்க வேண்டும். குமரப்பாவின் கேள்விக்குப் பதில் பழைய கூடை அல்ல. கேள்வியோ அப்படியே நிற்கிறது.

வெள்ளக்கல் குப்பைமேட்டிலும் இதே கணக்குதான். ஞெகிழிப் பையை மலிவாக்கியதும் வேதியியல். அதற்கு ஒரு வழி சொன்னதும் வேதியியல். அவனியாபுரத்துக்கு அடுத்த ஊரான திருப்பரங்குன்றத்தில், தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துருவிய ஞெகிழியைச் சூடான ஜல்லிமேல் தூவி, அது உருகிப் படிந்தபின் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்திய சாலைகள் காங்கிரஸ் 2013லேயே அதற்கு வழிகாட்டி வெளியிட்டிருந்தது. பாராட்ட வேண்டிய வேலை. அதற்கும் எல்லை உண்டு: பி.வி.சி. வகை ஆகாது, அழுக்கேறிக் கலந்து கிடக்கும் குப்பையைப் பிரிக்காமல் பயனில்லை. பிரிக்கும் கை யாருடையது, அதற்கு என்ன கூலி என்பதில் வந்து நிற்கிறது கதை. ஆய்வகம் முடித்த வேலையைக் குப்பை வண்டி முடிக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு பச்சையாகப் பேசுவது. லட்சக்கணக்கானோர் வாழும் நகரம் சுகமாக இருக்க, ஓரிரு கண்மாயும் சில நூறு ஏக்கர் நஞ்சையும் போனால்தான் என்ன? பெரும்பான்மையின் நலன் பார்க்க வேண்டாமா? இதில் ஒளிந்திருக்கும் பொய், இரண்டாம் பாதிக்குச் செலவு செய்யப் பணமோ வழியோ இல்லை என்பது. சென்னையைப் பாருங்கள். 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் சாக்கடை நீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடித்தெடுக்கும் நிலையங்கள் வந்தன. அந்த நீர் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது. சிங்கப்பூர் 2003லிருந்து 'நியூவாட்டர்' என்ற பெயரில் இதையே செய்து, ஒரு பகுதியைக் குடிநீர்த் தேக்கங்களிலும் கலக்கிறது. சாக்கடையைக் குடிநீராக்கவே தெரிந்த காலத்தில், அதை நாற்று நடும் அளவுக்குச் சுத்தமாக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை. தொழிற்சாலை தண்ணீருக்குக் காசு கொடுக்கிறது, ஆகவே அதற்கு முதல்தரச் சுத்தம். கண்மாய்க்காரர் காசு கொடுப்பதில்லை, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவரிடம் இல்லை, ஆகவே அவருக்கு வந்தபடி வரும். பெரும்பான்மையின் நலனுக்காக என்று சொல்லிச் சிறுபான்மையின் மேல் சுமத்துவது, அந்தச் சுமை மலிவாக இருப்பதால்தான்.

மதுரைக்கு இப்போது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப்பிலிருந்து குழாயில் கொண்டுவருகிறார்கள். நாளொன்றுக்குக் கூடுதலாக 12.5 கோடி லிட்டர். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பி இந்த வறண்ட சமவெளிக்குச் சோறு போட்டது. இப்போது அதே தண்ணீர் நகரத்து அடுக்களைக்கு வருகிறது. வரவேண்டியதுதான். குடிதண்ணீரில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் இன்னும் பத்து கோடி லிட்டர் சாக்கடை. அதில் எவ்வளவு தெற்கே திரும்பும், அந்த நீருக்கு நிலையத்தில் எத்தனை மணி நேரக் காற்று கிடைக்கும், கலக்க நல்ல தண்ணீர் இல்லாத கண்மாய்க்கு 30 என்ற வரம்பு போதுமா, 10 வேண்டுமா என்பதெல்லாம் குடிநீர்த் திட்டத்தின் அதே கோப்பில் இருக்க வேண்டும், அன்றன்றைய பி.ஓ.டி. அளவை மடையோரப் பலகையில் எழுதிப்போட வேண்டும். அந்தக் கோப்பு நகரும் முன் அயன்பாப்பாக்குடி கண்மாய்ப் பாசன விவசாயிகளின் கையெழுத்தை வாங்க வேண்டும்.